வாங்காத சரம் வெடிப்பது குறித்து: எதிர்பாரா வெற்றியின் வெடியியலுக்கு ஒரு முன்னுரை

வலுக்குறைந்த அணி ஒன்று வலுத்த அணியை வீழ்த்திவிட்டால் அதைப் பற்றி எழுதப்படாமல் எதுவும் மிஞ்சுவதில்லை. எந்த நிமிடத்தில் கோல் விழுந்தது, யார் காலில் பட்டுத் திரும்பியது, பயிற்சியாளர் யாரை எப்போது வெளியே அழைத்தார், நடுவர் எதைக் காணாமல் விட்டார் என்பதெல்லாம் மறுநாள் காலைக் காபிக்குள் அலசித் தீர்ந்துவிடும். ஆனால் ஆட்டம் முடிந்த கையோடு தெருமுனையில் வெடித்ததே ஒரு சரம், அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்தச் சரம் எங்கிருந்து வந்தது? யார் வாங்கியது, எப்போது, எதற்காக? ஜெயிக்கும் என்று வீட்டு நாய்கூட நம்பாத ஓர் அணிக்காக முன்கூட்டியே காசு கொடுத்துப் பட்டாசு வாங்கி வைத்த புண்ணியவான் எவன்? விளையாட்டியலார் இக்கேள்வியைத் தீண்டாததற்கு அவர்களுக்கு வெடி தெரியாதது காரணமாக இருக்கலாம். வெடி தெரிந்தவர்களோ இதை ஒரு கேள்வியாகவே கருதவில்லை. இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்திலிருந்து போகிறது. விருதுநகர் மாவட்டத்தில் எழாத வெடிக் கேள்வி வேறெங்கும் எழப்போவதில்லை என்பதால் இக்கட்டுரை அதைக் கையில் எடுக்கிறது.

இங்கே நிறுவ முற்படும் கருத்து ஒன்றே. எதிர்பாரா வெற்றிக்கு வெடிக்கும் வெடி அனைத்தும் வேறொன்றுக்காக வாங்கப்பட்ட வெடியே. இதை வெடிமாற்று விதி என்போம். நிறுவும் முறை எளிது. ஒரு வெற்றிக்கென்றே ஒருவர் முன்கூட்டிப் பட்டாசு வாங்கியிருந்தால் அவர் அவ்வெற்றியை எதிர்பார்த்தவர். அவரைப் பொறுத்தவரை அது எதிர்பாரா வெற்றி ஆகாது. வாய் எதையும் சொல்லும். ‘இந்தத் தடவை நாமதான்’ என்று தேநீர்க் கடையில் சொல்லாத ரசிகர் கிடையாது. பட்டாசுக் கடை ரசீதில் உள்ள தேதிதான் அவருடைய உண்மையான வாக்குமூலம். அற்றேல், வென்ற பிறகு ஓடிப்போய் வாங்கி வெடிக்கிறார்களே, அது அவ்வெற்றிக்கென்றே வாங்கியது அன்றோ எனின், அற்றன்று. ரசிகர் ஓடிப்போனபோது கடையில் சரக்கு இருந்தது அல்லவா? அந்தச் சரக்கைக் கடைக்காரர் எதற்காக வாங்கி வைத்தார்? கல்யாண ஊர்வலத்துக்கு, கோயில் கொடைக்கு, கட்சித் தலைவர் வருகைக்கு, சில ஊர்களில் பாடைக்கு முன்னால் போட. துக்க வீட்டுக்காக எடுத்து வைத்த வெடி ஒன்று கோல் விழுந்ததைக் கொண்டாட வெடித்திருந்தால் அதில் வெடியின் குற்றம் ஏதுமில்லை. விதி ஒரு படி பின்னால் தள்ளிப்போகிறதே தவிர உடையவில்லை.

இந்த விதிக்குப் பின்னால் ஒரு பொருளாதாரம் இருக்கிறது; அது சிவகாசியில்தான் துலக்கமாகத் தெரியும். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்ததிலிருந்து இந்த ஊர் வளர்த்த தொழில்கள் மூன்று: தீப்பெட்டி, பட்டாசு, அச்சு. இவற்றில் பட்டாசும் அச்சுத் தொழிலின் முக்கியப் பகுதியான காலண்டரும் நாள் குறித்த மகிழ்ச்சியை நம்பி நடப்பவை. ஐப்பசியில் தீபாவளி எந்தக் கிழமை என்று பஞ்சாங்கம் சொல்லிவிடுகிறது. அதை வைத்து ஒரு வருடம் முழுக்க மருந்து கலந்து, குழாய் உருட்டி, திரி செருகி, பெட்டி கட்டி, லாரி ஏற்றுகிறார்கள். தினசரிக் காலண்டரில் வருகிற ஆண்டின் அமாவாசை, கிருத்திகை, முகூர்த்த நாள் எல்லாம் இந்த ஆண்டே அச்சாகிவிடுகின்றன. எந்தத் தாளிலும் ‘இன்று கடைசி இடத்து அணி முதலிடத்து அணியை வெல்லும்’ என்று அச்சாகி வந்ததில்லை. அதாவது இந்த ஊர் தயாரித்து விற்பது எதிர்பார்த்த மகிழ்ச்சிக்கான தளவாடம். எதிர்பாராத மகிழ்ச்சிக்கு உற்பத்தி கிடையாது, முகவர் கிடையாது, விலைப்பட்டியலும் கிடையாது. அது எப்போதும் எதிர்பார்த்த மகிழ்ச்சியிடம் கைமாற்று வாங்கித்தான் தன் செலவை நடத்துகிறது. 1983 ஜூன் 25 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் 183 ஓட்டங்களுக்குச் சுருண்ட இந்திய அணி, அதற்கு முந்தைய இரண்டு உலகக் கோப்பைகளையும் வென்றிருந்த மேற்கிந்தியத் தீவுகளை 140-க்குள் அடக்கியபோது இந்திய நகரங்களில் நள்ளிரவில் வெடித்தவை எவை? அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 4. முந்தைய தீபாவளியின் மிச்சமாகவோ, வரப்போகும் தீபாவளியின் முன்சரக்காகவோதான் அவை இருந்திருக்க முடியும். கபில்தேவுக்கென்று சிவகாசியில் ஒருவரும் மருந்து கலக்கவில்லை.

விதியைச் சோதிக்க உள்ளூரிலேயே நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. காரியாபட்டியை அடுத்த புல்லூரில் இருக்கும் சேது பொறியியல் கல்லூரியோடு தொடர்புடைய மகளிர் கால்பந்து அணி சேது எஃப்.சி. மதுரை அணி என்று அறியப்பட்டாலும் காரியாபட்டி விருதுநகர் மாவட்டம் என்பதால் பெருமையில் பாதியை உரிமை கோர நமக்கு இடமுண்டு. இந்திய மகளிர் கால்பந்தில் மணிப்பூரை வெல்வது என்பது நெடுங்காலம் நடக்காத காரியமாக இருந்தது. தேசியச் சாம்பியன் பட்டம் ஏறக்குறைய அவர்கள் வீட்டுச் சொத்தாகவே இருந்தது. இந்திய மகளிர் லீக் தொடங்கியபோது அதன் முதல் கோப்பையும் இம்பாலின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியனுக்கே போயிற்று. 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் தமிழ்நாடு மாநில அணி 2–1 என்று மணிப்பூரைத் தோற்கடித்துத் தேசியப் பட்டத்தை முதன்முறையாக வென்றது ஒரு விரிசல். அடுத்த ஆண்டு மே 22 அன்று லூதியானாவில் லீக் இறுதியாட்டத்தில் சேது எஃப்.சி. 3–1 என்று மணிப்பூர் போலீஸ் அணியை வீழ்த்தியதில் சுவரே இடிந்தது. நேபாளத்திலிருந்து வந்து ஆடிய சபித்ரா பண்டாரியின் பெயரைக் கந்தக பூமியான இம்மாவட்டம் மனப்பாடம் செய்திருக்க வேண்டும். செய்யாததற்கு ஒரு காரணம் தேதியில் இருக்கிறது.

அந்தத் தேதியை ஆராய்ச்சிக் கண்ணோடு பார்க்கவேண்டும். பங்குனிப் பொங்கலும் சித்திரைப் பொங்கலும் முடிந்து கோயில்களின் வாணவேடிக்கைக் கணக்கு தீர்ந்துவிட்டது. முந்தைய அக்டோபரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அடுத்துப் பட்டாசு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்து சில வாரங்களுக்கு முன்புதான் திறந்திருந்தன. கிட்டங்கிகளில் வழக்கமான இருப்பு இல்லை. தீபாவளிக்கு இன்னும் ஐந்து மாதம். கைக்கு எட்டும் தொலைவில் வெடி இருந்த இடம் கட்சி அலுவலகங்கள்தான். ஏனென்றால் மறுநாள், மே 23, மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை. ஆக அன்று மாலை லூதியானா வெற்றிக்காக மாவட்டத்தில் எங்காவது ஒரு வெடி வெடித்திருந்தால் அது மறுநாள் வெற்றிக்கென்று ஏதோ ஒரு கட்சிக்காரர் வாங்கி வைத்ததில் உருவியதாகவே இருக்கும். வெடிக்காமல் போயிருந்தாலும் விதி பொய்க்கவில்லை. கட்சிக்காரர் கெட்டி என்று மட்டுமே பொருள். வெற்றியின் அளவுக்கும் சத்தத்தின் அளவுக்கும் தொடர்பே இல்லை என்பதையும் இது காட்டுகிறது. நாடு முழுவதும் அடுத்த நாள் காதைப் பிளந்த சத்தத்தில் பெரும்பகுதி, முடிவு ஏற்கெனவே ஊகிக்கப்பட்ட தொகுதிகளில் எழுந்தது. கருத்துக்கணிப்பு சரியாக இருந்தது என்பதற்கு அவ்வளவு சத்தம் தேவையா என்பது வேறு ஆய்வுக்குரிய பொருள்.

இனி மறுப்புகள். முதல் மறுப்பு பரணிலிருந்து வருகிறது. தீபாவளி மிச்சத்தை யாரும் ‘வேறொன்றுக்காக’ வைத்திருப்பதில்லை, அது வெறும் மிச்சம், ஆகவே எதற்கும் பொதுவானது என்பார்கள். தமிழ் வீடுகளின் நடைமுறை அறியாதவர்களே இப்படிச் சொல்ல முடியும். தீபாவளி இரவு பத்து மணிக்கு அம்மா பையைப் பிடுங்கி உள்ளே வைக்கும்போது ‘கார்த்திகைக்கு வேணும்’ என்று சொல்லாத வீடு ஏது? மிச்சம் என்று நாம் நினைப்பது உண்மையில் ஒதுக்கீடு. 2022-ஐ எடுத்துக்கொள்வோம். தீபாவளி அக்டோபர் 24, திருக்கார்த்திகை டிசம்பர் 6. இந்த இரண்டுக்கும் நடுவே நவம்பர் 22 அன்று கத்தாரில் சவூதி அரேபியா 2–1 என்று அர்ஜென்டினாவை வீழ்த்தியது. உலகக் கோப்பை வரலாற்றின் பெரிய கவிழ்ப்புகளில் ஒன்று. இந்திய நேரப்படி மாலை மூன்றரைக்குத் தொடங்கி விளக்கு வைப்பதற்குள் முடிந்துவிட்டது. மறுநாளே ஜப்பான் 2–1 என்று ஜெர்மனியைக் கவிழ்த்தது. இந்த இரண்டு நாட்களில் தமிழ்நாட்டில் மெஸ்ஸியின் எதிரிகள் எதையாவது கொளுத்தியிருந்தால் அது கார்த்திகை தீபத்தின் பங்கு. அந்த ஆண்டு கார்த்திகையன்று சில வீடுகளில் புஸ்வாணம் மட்டுமே இருந்து வெடி இல்லாமல் போயிருந்தால் குடும்பத்தார் பிள்ளைகளை விசாரித்திருக்க வேண்டும். அந்த அர்ஜென்டினாவே கடைசியில் கோப்பையைத் தூக்கியது. ஆனால் அது நம் விதிக்கு வெளியே, எதிர்பார்த்தவர்களின் கணக்கில் போகிறது.

இரண்டாம் மறுப்பு கொஞ்சம் கனமானது. நடக்காது என்று தெரிந்தும் நம்பிக்கையோடு பட்டாசு வாங்கி வைக்கும் ரசிகர்கள் இருக்கிறார்களே என்பது அது. இதற்கு உலகப் புகழ்பெற்ற சான்று 2015-இல் ஒளிபரப்பான ‘மௌகா மௌகா’ விளம்பரம். பாகிஸ்தான் ரசிகர் ஒருவர் 1992-இல் ஒரு பெட்டிப் பட்டாசு வாங்கி, உலகக் கோப்பையில் தன் அணி இந்தியாவை வெல்லும் நாளுக்காகக் காத்திருக்கிறார். ஒவ்வொரு போட்டியிலும் பெட்டி திறக்கப்படாமலே திரும்புகிறது. கதைப்படி வாங்கிய ஆண்டிலிருந்து கணக்கிட்டால் 2021 அக்டோபர் 24 அன்று துபாயில் பாகிஸ்தான் 10 விக்கெட் வித்தியாசத்தில் வென்றபோது அந்தப் பெட்டிக்கு வயது 29. இந்த இடத்தில் வெம்பக்கோட்டை வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: நமுத்துப் போயிருக்கும். வெடிமருந்து காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். திரி தன் வேகத்தை இழக்கும். ஒரு மழைக்காலத்தைத் தாண்டிய வெடியே ‘புஸ்’ என்று போகும்போது இருபத்தொன்பது மழைக்காலம் கண்ட சரம் என்ன ஆகும்? எனவே எதிர்பாரா வெற்றிக்கென்றே வாங்கிய வெடி, வெற்றி வரும் நாளில் வெடிக்கும் நிலையில் இருப்பதில்லை. வெற்றி சீக்கிரம் வந்திருந்தால் வெடித்திருக்குமே எனின், சீக்கிரம் வந்திருந்தால் அது எதிர்பாரா வெற்றியாகவே இருந்திராது. வேதியியலும் தருக்கமும் இவ்வளவு ஒற்றுமையாக ஒரு முடிவுக்கு வருவது அரிது.

அப்படியானால் எதிர்பாரா வெற்றிக்கு மிகத் தோதான, நமுக்காத, புத்தம்புதிய வெடி எங்கே இருக்கும்? தோற்ற அணியின் ரசிகர் வீட்டில். வெற்றி உறுதி என்றிருந்தவர் அவர்தான், வாங்கியவரும் அவர்தான். வலுத்த பக்கம் எவ்வளவு முன்னேற்பாடாக இருக்கும் என்பதற்கு 1950 ஜூலை 16 ரியோ டி ஜெனிரோ சாட்சி. உருகுவேயுடன் ஆடவிருந்த பிரேசில் அணியின் படத்தைப் போட்டு ‘இவர்களே உலகச் சாம்பியன்கள்’ என்று ஆட்டத்தன்று காலையிலேயே ஒரு நாளிதழ் அச்சாகி வந்துவிட்டது. சமநிலையே போதும் என்ற நிலையில் மரக்கானா மைதானத்தில் கூடிய ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் முன் உருகுவே 2–1 என்று வென்றது. மகிழ்ச்சிக்கான தளவாடம் அத்தனையும் தோற்றவர்களிடம். மகிழ்ச்சி மட்டும் வென்றவர்களிடம். அச்சிட்ட தாளை மறு உபயோகம் செய்ய முடியாது என்பது அச்சுத்தொழிலின் துயரம். பட்டாசுக்கு அந்தத் துயரம் இல்லை. யார் பேர் சொல்லிக் கொளுத்தினாலும் வெடிக்கும்; பெட்டியின் மேல் ஒட்டிய படத்தில் லட்சுமி இருந்தாலும் சினிமா நடிகை இருந்தாலும் உள்ளே இருப்பது கட்சி பார்ப்பதில்லை.

பட்டாசே இல்லாத கொண்டாட்டத்தில் இந்த விதி செல்லுமா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தை எடுத்துக்காட்டலாம். அது பந்தைக் கையால் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம் என்பதால் பெயரில் கொஞ்சம் பொய் இருக்கிறது. அதை இப்போதைக்குப் பொறுத்துக்கொள்வோம். 2007 செப்டம்பர் 1 அன்று, தரவரிசையில் ஐந்தாம் இடத்தில் இருந்த மிச்சிகன் பல்கலைக்கழகத்தை, ஒரு பிரிவு கீழே ஆடும் ஆப்பலாச்சியன் ஸ்டேட் 34–32 என்று அதன் சொந்த மைதானத்திலேயே வென்றது. நூற்றுக்கணக்கான மைல் தொலைவில் பூன் என்ற மலைச் சிற்றூரில் இருந்த மாணவர்கள் என்ன செய்தார்கள்? தங்கள் கல்லூரி மைதானத்துக்குப் போய்க் கோல் கம்பத்தைப் பிடுங்கி, ஊர்வலமாகத் தூக்கிக்கொண்டு போய்த் துணைவேந்தர் வீட்டுப் புல்வெளியில் போட்டார்கள். ஆட்டம் நடந்த மைதானத்துக் கம்பம் அன்று, அன்றைக்கு ஒரு பாவமும் செய்யாமல் வீட்டில் நின்றிருந்த கம்பம். அதைக் கல்லூரி நிர்வாகம் பணம் கொடுத்து வாங்கியது நடுவே பந்தை உதைக்க, கொண்டாட அன்று. வெடிமாற்று விதி கடல் கடந்தும் செல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. கூடவே ஓர் உண்மை புலப்படுகிறது: பட்டாசு மலிவாகக் கிடைக்கும் நாட்டில் துணைவேந்தர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

விளையாட்டை விட்டு அரசியலுக்குப் போகக் கூடாது என்று ஆய்வு நெறி சொன்னாலும், விருதுநகரைப் பற்றி எழுதிவிட்டு 1967-ஐத் தாண்டிப் போக முடியாது. ஒன்பதாண்டு முதலமைச்சராக இருந்து, அப்போது அகில இந்தியக் காங்கிரசின் தலைவராக இருந்த காமராசர், பிறந்த ஊரிலேயே பெ. சீனிவாசன் என்ற இளம் மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். மாணவர் அணி ஒன்று தேசிய அணியைக் கவிழ்த்தது என்ற வடிவில் பார்த்தால் இதற்கு நிகரான கவிழ்ப்பு இம்மண்ணில் நடந்ததில்லை. விதியைப் பொருத்திப் பார்த்தால், அன்று ஊரில் இருந்த வெடியில் பெரும்பங்கு பெருந்தலைவரின் வெற்றிக்கென்று வாங்கியதாக இருந்திருக்க வேண்டும். ஆனால் விதிக்கு இங்கே ஒரு புறனடை வேண்டியிருக்கிறது. எதிரணியின் வெடியைக் கைப்பற்றிக் கொளுத்தவும் ஒரு மனநிலை வேண்டும். அந்த முடிவைப் பற்றிப் பேசும்போது வென்ற கட்சியின் பழைய ஆட்கள்கூடக் குரலைக் கொஞ்சம் தாழ்த்துவதை இந்த ஊரில் இன்றும் கேட்கலாம். கையில் வெடி இருந்தும் தீப்பெட்டியைத் தேடும் வேகம் குறைகிற வெற்றிகளும் உண்டு. வெடியியல் அவற்றைத் தனி வகையாகக் கொள்ள வேண்டும். கால்பந்தில் இந்த வகை அபூர்வம். மணிப்பூர் போலீசுக்காக விருதுநகரில் கண்ணீர் விட்டவர்கள் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள்.

சட்டத்தின் பக்கம் திரும்பினால் எதிர்பாரா வெற்றிக்கு அங்கேயும் இடம் ஒதுக்கப்படவில்லை என்பது தெரியும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை சத்தம் எழுப்பும் பட்டாசு கூடாது என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஐரோப்பாவில் நடக்கும் ஆட்டங்களில் பல நமக்கு நள்ளிரவுக்குப் பிறகே முடிகின்றன. 2018 தீர்ப்புக்குப் பின் தீபாவளிக்கே தமிழ்நாட்டில் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் என்று அளந்து தருகிறார்கள். இந்த ஒரு மணி நேரத்துக்குள் கவிழ்ப்பை முடித்துக்கொள்ளும்படி எந்த அணியையும் கேட்க முடியாது. ஓசை அளவைக் குறித்த விதி இன்னும் சுவையானது. தனி வெடியானால் வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. சரமாகக் கோத்தால், கோத்த வெடிகளின் எண்ணிக்கைக்குப் பத்தடிமான மடக்கை கண்டு, அதை 5-ஆல் பெருக்கி, வரும் தொகையை இந்த அளவிலிருந்து கழிக்க வேண்டும். 1000 வாலாவில் ஒவ்வொரு வெடியும் 15 டெசிபல் அடங்கி 110-இல் நிற்க வேண்டும்; 10,000 வாலாவில் 20 அடங்கி 105. கூட்டம் பெருகப் பெருக ஒவ்வொருவனும் மெல்லக் கத்த வேண்டும் என்று சொல்லும் இந்தச் சூத்திரத்தை இயற்றியவர் ஒருநாளும் ரசிகர் கூட்டத்தில் நின்றிருக்க மாட்டார். 2018 தீர்ப்பு சரவெடியையே தடை செய்துவிட்டதால் மடக்கை இப்போது பாடப்புத்தகத்துக்குத் திரும்பிவிட்டது. ஒத்த வெடியை ஒவ்வொன்றாகப் பற்றவைத்து ஒரு பெரிய வெற்றியைக் கொண்டாடும் ரசிகருக்கு, ஒவ்வொரு கோலையும் தனித்தனியே நினைத்துப் பார்க்க நேரம் கிடைக்கிறது என்பதே ஆறுதல்.

கடைசி மறுப்பு உற்பத்தியாளர் மண்ணிலிருந்தே வருகிறது. தடுக்கி விழுந்தால் பட்டாசுக் கடையில் விழும் சிவகாசியில் ஆண்டு முழுவதும் வெடி கிடைக்கும். இங்கே எதிர்பாரா வெற்றிக்குக் கைமாற்று எதற்கு, மற்ற ஊர்களைவிட முன்னதாகவே வெடிக்கலாமே என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெடி செய்யும் ஊர் வெடிக்கும் ஊர் அன்று. ஆலைகளும் கிட்டங்கிகளும் ஊருக்கு வெளியே, கட்டடத்துக்குக் கட்டடம் இடைவெளி விட்டு, ஓர் அறைக்குள் இத்தனை பேர், இத்தனை கிலோ மருந்து என்ற உரிமக் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. கோல் விழுந்தது என்று சொல்லி அங்கே போய்ச் சரக்கு எடுத்து வர முடியாது. அதைவிடப் பெரிய காரணம் காதில் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் எதிர்பாராத நேரத்தில் பெருஞ்சத்தம் கேட்டால் யார் ஜெயித்தது என்று எவரும் கேட்பதில்லை. வாசலுக்கு வந்து எந்தத் திசையில் புகை எழுகிறது என்று பார்க்கிறார்கள். பிறகு அந்தத் திசைக்கு வேலைக்குப் போனவர்களுக்குப் போன் போடுகிறார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கத்து அச்சங்குளத்தில் இருபதுக்கு மேல். இடையிலும் பின்னும் ஆண்டு தவறியதில்லை. அதனால் இந்த மாவட்டத்து ரசிகர் மற்ற ஊர்க்காரரைவிடத் தாமதமாக வெடிக்கிறார். முதலில் தெருவில் நாலு பேர் கூடி ஆரவாரம் செய்ய வேண்டும், விசில் கேட்க வேண்டும், இது ஆட்டத்துச் சத்தம் என்று அக்கம்பக்கத்துக்குத் தெரிய வேண்டும். பிறகுதான் திரியில் ஊதுபத்தி படலாம். எதிர்பாரா வெற்றியை எதிர்பார்த்த வெற்றியாக மாற்ற எடுத்துக்கொள்ளும் இந்த ஐந்து நிமிடத்தை, ரசிகரின் நம்பிக்கைக் குறைவு என்று வெளியூர் ஆய்வாளர்கள் தவறாகக் கணிக்கக்கூடும்.

இதுவரை கண்டவற்றிலிருந்து வலுக்குறைந்த அணியின் ரசிகருக்குக் கிடைக்கும் நடைமுறை முடிவு தெளிவானது. அவர் பட்டாசு வாங்கவே கூடாது. வாங்கினால் எதிர்பார்த்தவர் ஆகிவிடுவார். தோற்றால் சரக்கு நமுத்துப் போகும், வென்றால் கவிழ்ப்பின் ருசி போகும். அதற்குப் பதிலாக எதிரணி ரசிகர் ஒருவரை நண்பராக வைத்துக்கொள்ள வேண்டும். அவர் எந்தக் கடையில், எத்தனை பெட்டி வாங்கினார், எந்தக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார் என்பதை ஆட்டத்துக்கு முந்தைய நாள் நைச்சியமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆட்டம் முடிந்ததும் ஆறுதல் சொல்லப் போவதாகப் போகலாம். மனம் உடைந்தவர் பாதி விலைக்குக் கொடுப்பார், ரொம்ப உடைந்திருந்தால் சும்மாவே கொடுப்பார். கையோடு தீப்பெட்டி மட்டும் கொண்டு போனால் போதும். 2021 டிசம்பரில் விலை இரட்டிப்பானபோதும் அது 2 ரூபாய்தான் ஆயிற்று; அடுப்புக்கென்று வாங்கியதையே எடுத்துப் போகலாம், விதிக்கு அதிலும் முரண் இல்லை.